பலாலியும் சென்னையும்

பலாலிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையினின்று புறப்பட்டுப் பலாலியில் இறங்கியே சென்னை சென்றது. போரினால் இவ்வழி அடைபட்டது. யாழ்ப்பாணத்தார், தரைப்பாதை திறந்திருந்த காலங்களில், 350 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே போய்க் கட்டுநாயக்காவில் விமானமேறினர். கட்டுநாயக்காவினின்று சென்னைக்கு நேர்கோடு கீறினால் அது யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்லும்! தம் வீட்டுக் கூரையைக் கடப்பதற்கு ஒரு நாளைச் செலவிட்டனர், நோயாளரும் முதியோருமாக.

2019 நவம்பரில் நேரடிச் சேவை மீண்டது; 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிற்று. சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கவல்லது. எனினும் ஓடுபாதையில் ஊர்தல், மேலேறுதல், இறங்குதல் யாவுஞ் சேரப் பயணம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுக் கடக்கும். புறப்படுமுன் நிலையத்திற் காத்திருக்கும் நேரமோ அதனினும் நீளம்.