குதி உயர்ந்த செருப்பும் நம் கால்களும்



பாடசாலையில் நமக்கெல்லாம் தட்டை அடி வைத்த வெள்ளைச் சப்பாத்துத்தான். குதி உயர்ந்த செருப்பு நம்மில் பலருக்கு முதல் உத்தியோகத்தோடும் முதல் சாறியோடும் வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்த உயரத்துக்கு அளவு பார்த்துத்தான் சாறியை உடுக்கிறோம். பிறகு கால் உளைந்தாலும் கழற்ற முடியாது, கழற்றினால் கரை நிலத்தில் இழுபடும். காலையில் ஏறினால் மாலைவரை இறங்க வழியில்லை. கல்யாண வீட்டில் மேசைக்குக் கீழே இரகசியமாகக் கழற்றி வைப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதானே!

குதி உயர்ந்தால் உடலின் பாரம் முன்பாதத்துக்குச் சாய்கிறது. கூர்முனைச் செருப்பு விரல்களையும் நெருக்குவதால், பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைக்கிறது. 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, உயர்ந்த குதியோடு நடக்கும்போது, மூட்டுத் தேய்வு வழக்கமாக வரும் இடங்களிலேயே முழங்காலில் விசை கூடுவதைக் காட்டியது. அகலமான குதி பாதுகாப்பு என்று நம்பினோம். அதுவும் முழங்காலைக் காப்பாற்றவில்லை என்று 2001இல் அதே குழுவினர் காட்டினார்கள். நெடுநாள் போட்டவர்களின் கெண்டைக்கால் தசைநார்கள் ஏறக்குறைய 13 சதவீதம் குறுகியிருந்ததாக 2010இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

இத்தனைக்கும் இது பெண்களுக்கென்று பிறந்த அலங்காரமல்ல. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் வழுக்காமலிருக்க அணிந்தது. பதினான்காம் லூயி மன்னன் சிவப்புக் குதியோடு சபையில் நின்றான். ஆண்கள் இறங்கிவிட்டார்கள், நாம்தான் நிற்கிறோம்.

விரும்பி அணிவதில் நமக்குச் சண்டையில்லை. வேலைக்காகக் கட்டாயப்படுத்துவதுதான் பிரச்சினை. 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற வரவேற்பாளர் தட்டைச் சப்பாத்தோடு வந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில் ஒன்றரை இலட்சம் பேர் ஒப்பமிட்டும் அங்கு சட்டம் மாறவில்லை. ஆனால் நம் பழைய மாணவியர் பலர் வாழும் ஒன்ராறியோவில் 2017இல் அந்தக் கட்டாயம் தடைசெய்யப்பட்டது, நடிப்பு, விளம்பரத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே வேலை செய்யும் தங்கைமார் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் தொழில் அமைச்சு, குதி ஓர் அங்குலத்துக்கு மேற்படக் கூடாது, நின்று வேலை செய்வோருக்கு இருக்கையும் ஓய்வும் வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாடும் 2021இல் கடை ஊழியருக்கு இருக்கை தரச் சட்டத்தைத் திருத்தியது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நாம் சாறி எடுக்கப் போகும்போது, எடுத்துக் காட்டும் பிள்ளைக்கு இருக்க ஒரு கதிரை உண்டா என்று முதலாளியிடம் கேட்டால் என்ன?

நம் வயதில் சீனி வருத்தம் வந்தவர்களுக்கு இது இன்னும் பாரதூரமானது. நரம்பு மரத்த காலுக்குச் செருப்பு கடிப்பது தெரியாது. சிறு கொப்புளம் புண்ணாகி, விரலை எடுப்பதுவரை போகலாம். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பை மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். தாளில் பாதத்தை வரைந்து அதன்மேல் செருப்பை வையுங்கள், கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் செருப்பல்ல.

இன்னொன்று. பல வருடம் குதியில் நின்றவர்கள் நாளைக்கே தட்டைக்கு மாறினால், குறுகிய தசை இழுபட்டுக் குதிகால் நோகும். சுவரில் கை ஊன்றி, குதியை நிலத்தில் வைத்துக் கெண்டைக்காலை நாளும் நீட்டிப் பழகிக்கொண்டு, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சாறியும் அதற்கேற்றபடி இறங்கி வரட்டும்.