31ஆம் நாளுக்கு முன்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ரொறொன்ரோவில் பின்னேரம் மூன்று மணி. லண்டனில் இரவாகிவிட்டது. மெல்பேர்னில் இருக்கிறவர்கள் விடியவே எழும்பி வந்திருக்கிறீர்கள், அதற்குத் தனியாக நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் புகைப்படக்காரிக்கு என்ன வேலை என்று சிலர் யோசிப்பீர்கள். அழைப்பு வந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். "உங்கட தொழிலைப் பற்றியே பேசுங்கோ" என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அதனால் தொழிலில் இருந்தே தொடங்குகிறேன்.

பதினான்கு வருடங்களாக ஸ்காபரோவில் கர்ப்பிணித் தாய்மாரையும் பிறந்த பிள்ளைகளையும் படம் எடுத்து வருகிறேன். வீட்டின் நிலவறைதான் என் ஸ்ரூடியோ. கர்ப்பகாலப் படத்துக்கு 28இல் இருந்து 34 வாரத்துக்குள் வரச் சொல்வேன். அதற்கு முன் வயிறு வடிவாகத் தெரியாது, பிறகு அந்தப் பெண்ணால் நிற்க ஏலாது. பிறந்த பிள்ளையென்றால் ஐந்தாம் நாளில் இருந்து பதினான்காம் நாளுக்குள். அந்த நாட்களில் பிள்ளை கர்ப்பப்பையில் கிடந்த மாதிரியே சுருண்டு தூங்கும். இரண்டு வாரம் கடந்தால் கைகாலை நீட்டப் பழகிவிடும், வயிற்றுக்குத்தும் தொடங்கிவிடும்.

அறையை 27 பாகை வரைக்கும் சூடாக்கி வைப்பேன். எனக்கு வேர்த்து ஒழுகினால் பிள்ளைக்குச் சரியான சூடு என்று அர்த்தம். மழை பெய்கிற மாதிரி இரைச்சல் ஒன்றை ஓடவிடுவேன். படம் எடுக்கிற நேரத்தைவிடப் பாலூட்டக் காத்திருக்கிற நேரம் கூட. தாடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தவளை மாதிரிப் பிள்ளை இருக்கிற படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஒரு படம் இல்லை, இரண்டு. முதலாவதில் தலையை ஒரு கை பிடித்திருக்கும், இரண்டாவதில் மணிக்கட்டை. பிறகு கணினியில் இரண்டையும் ஒட்டிக் கையை மறைத்துவிடுவோம். பிறந்த பிள்ளையின் கழுத்து ஒருநாளும் தன் தலையைத் தாங்காது. இதைத் தெரியாமல் வீட்டில் செய்து பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பயம்.

இன்னொரு சின்ன விஷயம். பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தும்போது காதுமடல் உள்ளே மடங்கிவிடும். எலும்பு இல்லாத குருத்து, பிறந்த புதிதில் மிகவும் இளக்கம். படம் எடுக்க முதல் விரல்நுனியால் அதை நிமிர்த்திவிட வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் முதல்நாள் சொன்ன விஷயம் இது. இந்தக் காதுக்குக் கடைசியில் திரும்ப வருவேன்.

இதில் எங்கள் சமூகத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தாம் நாள் வரச் சொன்னால் அம்மம்மாக்கள் விடமாட்டார்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் பிள்ளையை வெளியே கொண்டுபோகக்கூடாது. படம் எடுத்தால் நாவூறு. ஒருமுறை ஒரு தாத்தா வாசலில் வைத்தே கேட்டார்: "பிள்ளை, நீர் யாழ்ப்பாணமோ? உம்மட கொம்மா உம்மைப் பன்னிரண்டாம் நாளில படம் எடுத்தவவோ?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

முன்பெல்லாம் இதை மூடநம்பிக்கை என்று எனக்குள் திட்டியிருக்கிறேன். வருமானம் போகிற கோபமும் அதில் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. பிறகு ஒருநாள் நூலகத்தில் பிள்ளைத்தமிழ் நூல்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. அதைப் பாடத் தொடங்குவது 3ஆம் மாதத்தில் என்பது பொதுவான கணக்கு. அங்கிருந்து இரண்டு இரண்டு மாதமாக 21ஆம் மாதம் வரைக்கும் போகும். அப்படியென்றால் பிறந்த பிள்ளையை அந்தப் புலவர்கள் பாடுவதே இல்லை! முதல் இரண்டு மாதமும் பாட்டில் வெறுமை. முதற்பாட்டும் பிள்ளையின் அழகைப் பற்றியது அல்ல, தெய்வங்களே காப்பாற்றுங்கள் என்ற வேண்டுதல். தங்கும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் புலவன் வாயைத் திறக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. தமிழறிஞர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும், கேள்வி நேரத்தில் திருத்துங்கள்.

அடுத்து வரும் பருவங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது. செங்கீரை: பிள்ளை கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. சப்பாணி: கைகொட்டுவது. வருகை: தளர்நடை போட்டு வருவது. இன்றைக்கு நாங்கள் மாதக்கணக்கில் 'மைல்ஸ்டோன் பக்கேஜ்' என்று விற்பது இதைத்தான். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டிலேயே மீனாட்சிக்கு அந்தப் பக்கேஜை முடித்துக் கொடுத்துவிட்டார்.

பெரியாழ்வார் இதற்கு நேர் எதிர். அவர் கண்ணன் பிறந்த அன்றே ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறார். அடுத்ததாகப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று காலில் தொடங்கித் தலைமுடி வரைக்கும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். பிள்ளை தன் கால்விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சுவைக்கிறது. நானும் கிட்ட எடுக்கும் லென்ஸைப் போட்டால் முதலில் எடுப்பது கால்விரல்தான். ஆக, காட்டு என்பதும் மறை என்பதும் இரண்டுமே எங்கள் மரபில் இருக்கிறது. வாசலில் நின்ற தாத்தாவுக்கு அன்று இதைச் சொல்லியிருக்கலாம்.

யாருக்குக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். போன வருடம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள், 32 வாரம். ஸ்காபரோ பிளஃப்ஸில், ஏரிக்கரை மண்மேட்டின் கீழே எடுத்தோம். சரியான காற்று. தலைமுடி முகத்தில் அடிக்கிறது, அவள் கவலைப்படவே இல்லை. "அக்கா, முகம் தெரியவேணும் எண்டு இல்லை, வயிறு தெரிஞ்சால் காணும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். முல்லைத்தீவில் இருக்கிற தாய்க்குப் பிள்ளைப்பேற்றுக்கு வர விசா கிடைக்கவில்லையாம். வட்ஸ்அப்பில் கதைக்கும்போதெல்லாம் தாய் வயிற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பாராம், சின்னத் திரையில் ஒன்றும் விளங்கவில்லையாம். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். சரக்குக்கறி காய்ச்சித் தர ஆளில்லாமல் பெற்றெடுக்கிற எத்தனையோ பெண்களை நான் பார்க்கிறேன். வயிறு தெரியப் படமெடுப்பதை வெள்ளைக்காரப் பழக்கம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1991 ஓகஸ்டில் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த டெமி மூரின் படம் 'வனிற்றி ஃபெயர்' அட்டையில் வந்தபோது அமெரிக்காவிலேயே சில கடைகள் அதைத் தாளால் மூடித்தான் விற்றன. முகச்சுளிப்பு எங்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோபம் வரும். "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று பத்து நாள் பிள்ளைக்குக் கேட்கிறார்கள். பிறந்த பிள்ளை ஒரே நாளில் சிவக்கும், மஞ்சளாகும், கை கால் நீலம்பாரிக்கும். மஞ்சளையும் பால்பருவையும் நான் திருத்துவேன், அவை போய்விடுகிறவை. தோலின் நிறத்தில் கைவைக்கமாட்டேன். கொடக் நிறுவனம் ஒருகாலத்தில் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் வெள்ளைத்தோல் பெண்தான் அளவுகோல். அவளுடைய முகம் சரியாக வந்தால் படம் சரி. எங்கள் பழைய கல்யாணப் படங்களில் முகங்கள் ஏன் கரிக்கட்டியாக இருக்கின்றன என்பதற்கு அதுவும் ஒரு காரணம். படச்சுருள் செய்த அநியாயத்தை இன்றைக்கு நானே கையால் செய்யமுடியாது. இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும்.

தாயும் பிள்ளையும் என்று படமெடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமரா வாங்கிக் கொடுத்தார்கள். கோழிக்கூட்டை ஸ்ரூடியோவாக்கினார். வீட்டுப் பணிப்பெண்ணை மரியாளாக உட்காரவைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மடியில் வைத்து எடுத்தார். கண்ணாடித் தட்டில் ஒளி விழ நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டிய காலம். பிள்ளைகள் இருப்பார்களா? கலங்கித்தான் வரும். அவர் அதைப் பிழையென்று எறியவில்லை. அவருக்கு எங்கள் நாட்டோடு தொடர்பும் உண்டு. கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று சரித்திரப் பாடத்தில் படித்தோமே, அந்தக் கமரன்தான் கணவர். 1875இல் இருவரும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். 1879இல் அவர் இறந்தது மலைநாட்டில், அடக்கம் செய்தது பொகவந்தலாவை தேவாலயத்தில். மலையகத்துக்குப் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

அதே காலத்து வேறு படப்பிடிப்பாளர்கள் செய்த ஒன்று என்னைத் தொந்தரவு செய்கிறது. பிள்ளை அசையாமல் இருக்க மடியில் வைத்துப் பிடிக்கும் தாயை, ஒரு துணியால் தலையோடு மூடிவிடுவார்கள். கதிரைக்கு உறை போட்ட மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் துணிக்குள் ஒரு ஆள். இப்போது யாரும் துணி போடுவதில்லை. தாய்மார் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். "என்னை எடுக்காதேங்கோ அக்கா, முகம் வீங்கிப்போய்க் கிடக்கு." பத்தில் எட்டுப் பேர் இதைச் சொல்கிறார்கள். நான் கேட்கமாட்டேன், பாலூட்டும்போது ஒன்றாவது எடுத்து வைத்துவிடுவேன். பிடிக்காவிட்டால் அழிக்கச் சொல்லுங்கள் என்பேன். இதுவரை ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். பிள்ளையை இழந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், ஒலியை நிறுத்திவிட்டுப் பிறகு வாருங்கள், குறை நினைக்கமாட்டேன்.

ஏழு வருடத்துக்கு முன், பிறந்த பிள்ளைப் படத்துக்குப் பதிந்து வைத்திருந்த ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். "அக்கா, அந்தப் புக்கிங்கை நிப்பாட்டவேணும்" என்றான். சரி என்றேன். வைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இஞ்ச ஒருக்கா வருவீங்களோ?" என்று கேட்டான். 37ஆம் வாரம். பிள்ளைக்கு வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது.

இப்படிப் படமெடுத்துக் கொடுக்கிற தொண்டர்கள் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2005இல் கொலராடோவில் அதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது, பணம் வாங்குவதில்லை. நான் அதுவரை அப்படி ஒன்றும் செய்ததில்லை. காரில் பத்து நிமிடம் கைநடுங்க இருந்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அறையில் தாயின் தாய் இருந்தார். கமராவைக் கண்டதும் எழும்பினார். "செத்த பிள்ளையையோ படம் எடுக்கப்போறியள்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். தாய் ஒன்றும் பேசவில்லை. தாதி பிள்ளைக்கு ஒரு சின்னத் தொப்பி போட்டிருந்தார். நான் ஜன்னல் சீலையை மட்டும் விலக்கினேன், வேறு லைற் போடவில்லை. தாயின் கையில், தகப்பனின் கையில், பிறகு பாதம், விரல்கள். அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் கொடுக்கவேண்டும். தோலின் நிறம் மாறத் தொடங்கியிருக்கும், உதடு கறுத்திருக்கும். இருபது நிமிடம் இருக்கும். அம்மம்மா திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். பிறகு கிட்ட வந்து, பிள்ளையின் கைக்குள் தன் சுண்டுவிரலை வைத்தார். "இந்தக் கை மட்டும் எடும் பிள்ளை. எனக்கும் ஒண்டு தாரும்." எடுத்தேன்.

அன்று இரவு என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகுதான் எனக்கு அதுவரை முழுதாகத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பிறந்து பத்தொன்பதாம் நாள், 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்த இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது ஏழு வயது. மழை, நாவற்குழிப் பாலம், அப்பாவின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பை, இவ்வளவும்தான் எனக்குள் இருக்கிறது. அம்மாவின் நெஞ்சில் தம்பி இருந்தான். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். காய்ச்சல். இருபத்தாறாம் நாள் போய்விட்டான்.

படம் இல்லை. பொருளாதாரத் தடைக் காலம், பற்றரிகூட வராத ஊர், ஆனாலும் பட்டணத்தில் ஸ்ரூடியோ இருந்ததாம். அம்மா கேட்டிருக்கிறார். அம்மம்மா, "முப்பத்தொண்டு கழியட்டும், பிறகு கொண்டுபோவம்" என்று சொல்லியிருக்கிறார். "அவ பிழையாச் சொல்லேல்லை. அவவுக்கு ரெண்டு பிள்ளை தங்கேல்லை, அந்தப் பயம்" என்றார் அம்மா. "ஆனால் எனக்கு இப்ப முகம் வருகுதில்லை. காதுதான் வருகுது. இடக்காது மேல்பக்கம் மடிஞ்சிருக்கும். பால் குடுக்கேக்க ஒவ்வொரு முறையும் நிமிர்த்திவிடுவன். திரும்பவும் மடிஞ்சிடும்."

இப்போதும் 31 கழியட்டும் என்று சொல்லும் அம்மம்மாக்களோடு நான் வாதாடுவதில்லை. வீட்டுக்கே வருகிறேன், கன்னத்தில் கறுப்புப் பொட்டோடே எடுக்கிறேன், யாருக்கும் காட்டமாட்டேன், 31க்குப் பிறகு படத்தைத் தருகிறேன் என்று சொல்வேன். பாதிப்பேர் சம்மதிப்பார்கள். மற்றவர்களை வற்புறுத்த எனக்கு உரிமை இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொன்னால், திரும்பி வரும்போது காரில் அம்மாவின் குரல்தான் கேட்கிறது.

காதை நிமிர்த்துவதற்கு முன் இப்போது ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோருக்கு அனுப்பும் தொகுப்பில் அதையும் வைப்பேன். "அக்கா, இதில காது மடங்கியிருக்கு, தவறி வந்திட்டுதோ?" என்று கேட்பார்கள். இல்லை, இருக்கட்டும் என்று சொல்வேன்.

இதைச் சொல்ல அம்மாவிடம் கேட்டுத்தான் வந்தேன். மேல்மாடியில் இருந்து இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கோ.