குரல் அடைத்தால் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள்
(பொத்துவிலில் தொழிலாளர் குடும்பங்களிடம் ஆற்றிய உரை)

கொஸ்லந்தைப் பக்கத் தோட்டங்களில் இருந்து இறங்கி வந்தவர்களும் இங்கே நெல் மில்லில் வேலை செய்பவர்களும் ஒன்றாக இருக்கிறபடியால், இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சங்கதியைப் பேசுகிறோம்: தொண்டை.

ஸ்டோரில் சலிப்பு வேலை செய்யும் எங்கள் அக்கா ஒருவருக்கு 6 மாதமாகக் குரல் கரகரத்தது. தடிமன் என்று பாணி மருந்து குடித்தார். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று போகவில்லை. நம்மில் பலர் இப்படித்தான்.

குரல்வளைக்குள் இரண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண் என்பார்கள். பேசும்போது அவை செக்கனுக்கு 100, 200 தடவை அதிரும். தேயிலைத் தூசி, உமித் தூசி, மருந்தடிக்கும்போது வரும் நெடி, லயத்து அடுப்புப் புகை எல்லாம் அவற்றை வீங்க வைக்கும். மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேசினால் காய்ப்புக்கூடக் கட்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தூசியோ நெடியோ பட்டதும் சிலருக்கு, மூச்சை இழுக்கும்போது விரியவேண்டிய நாண்கள் மூடிக்கொள்ளும். பார்த்தால் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். ஆனால் இன்ஹேலருக்குக் கேட்காது. அப்படியானால், "நெஞ்சில் இல்லை, தொண்டையில்தான் இறுகுது, மூச்சை உள்ளே இழுக்கத்தான் கஷ்டம்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தூசியின் கதை புதிதல்ல. வைத்தியர் சி. ஜி. உறகொட 1970இலேயே 'டீமேக்கர் ஆஸ்துமா' பற்றிப் பிரித்தானியச் சஞ்சிகையில் எழுதினார். நோய்க்கு டீமேக்கரின் பெயர் கிடைத்தது. சலிப்பில் நிற்கும் பெண்ணின் பெயர் கிடைக்கவில்லை! 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியை அகற்றும் பொறுப்பை ஆலை நடத்துபவர் மேல்தான் வைத்திருக்கிறது. முகமூடி தந்தாயிற்று, வேலை முடிந்தது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை இழுக்கும் விசிறி கேட்போம்.

3 கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். புகையிலை, சுருட்டுப் பழக்கம் உள்ளவர்கள் தள்ளிப் போடவே கூடாது. தொண்டைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் காட்டும். குசுகுசுத்துப் பேசினால் ஓய்வு என்று நினைப்பதும் பிழை, அதுவும் நாணுக்குச் சிரமம்தான்.

லீவு நாளில் குரல் தெளிந்து, வேலைக்குப் போனதும் அடைக்கிறதா? திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக் துண்டை எறியாதீர்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்குப் பேசப் போனால் வெறும் வாய்ச்சொல் நிற்காது, காகிதம் வேண்டும்.

அந்த அக்காவின் கொப்பியை இப்போது அவர் மகள் எழுதுகிறாள். அடுத்த கிளினிக்குக்கு எங்களில் ஒருவர் கூடவே போகிறார்.