உள்ளத்தைத் திருப்பும் வழிகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருந்து உண்ணும்போது குரங்கை நினையாதே என்று வைத்தியர் சொன்ன கதையை நம்மில் அறியாதார் இல்லை. அவர் வாய் திறவாதிருந்தால் அந்தக் குரங்கு வந்தே இராது. சொன்ன பின்னரோ மருந்துக் கிண்ணத்தை எடுக்குந்தோறும் அது முன்வந்து அமர்ந்துகொண்டது. அமெரிக்க உளநூல் அறிஞர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வும் இதுவே. வெண்கரடியை எண்ணாதிருங்கள் என்று மாணவர்களிடம் கூறி, எண்ணம் வந்தால் மணியடிக்கச் சொன்னார், மணி ஓயவில்லை. ஆகவே, ‘இனிக் கைனியை நினையேன்’, ‘இனிப்பை நினையேன்’ என்று நாம் உரைக்கும் சூளுரை பெரும்பாலும் குரங்கை வீட்டிற்கு அழைப்பதாகவே முடிகிறது.

கைனி என்றதும் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். ஊரில் வெற்றிலையன்றி வேறறியாத நம்மவர் பலர், இந்த எஃகு நகருக்கு வந்தபின், இரவு ஷிப்டில் விழித்திருக்கும் பொருட்டு உள்ளங்கையில் புகையிலையையும் சுண்ணாம்பையும் தேய்க்கக் கற்றனர். உடன் பணிபுரியும் தோழர் அன்போடு நீட்டும்போது மறுப்பது மரியாதையன்று என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. வாய்ப்புற்றுநோய்க்கு இது வழி என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அந்நோய் நுழைந்த வீடுகள் எவை என்று இந்தக் காலனியில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேட்கை என்பதுதான் யாது? மாலை நான்கு மணிக்கு ஒருவருக்குக் காப்பி நினைவு வருகிறது. நினைவு வந்தது பெரிதன்று. அதன்பின் பித்தளை டவராவும், நுரையும், மணமும், முதல் மிடற்றின் சூடும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளத்தில் தீட்டப்படுகின்றன. அந்த ஓவியமே வேட்கைக்கு வலுவூட்டுகிறது என்று கவனா, ஆண்ட்ரேட், மே என்னும் மூவர் 2005-இல் ஒரு கொள்கை வகுத்தனர். ஓவியம் தீட்டும் திரை ஒன்றே. அதில் வேறு படம் எழுதப்பட்டால் முன்னைய படம் மங்கும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2014-இல், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை 3 நிமிடம் ஆடச் செய்து, வேட்கையின் வலிமை குறைவதைக் கண்டனர். முற்றும் அழியவில்லை, குறைந்தது. அக்குறைவே பல வேளைகளில் போதுமானது.

நம் தாய்மார்களுக்கு இதற்கென்று கைப்பேசி வேண்டுவதில்லை. 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை என்று ஒரு கோலத்தை மனத்துக்குள்ளேயே வைத்து, இழைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தால் லட்டுக்கு அங்கே இடமேது? கோலம் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டதன்று. மேற்சொன்ன கொள்கையிலிருந்து நாம் கொள்ளும் முடிபு. ஆடவர், சொந்த ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள கடைகளை வரிசையாகக் கண்முன் கொணரலாம். அதனால் ஊர் ஏக்கம் பிறந்தால் அதற்கு நாம் பொறுப்பல்லோம்!

வேட்கை எழும்போது அது வளர்ந்துகொண்டே போகும் என அஞ்சுகிறோம். மதுப்பழக்கத்தை ஆய்ந்த ஆலன் மார்லட் அதனைக் கடலலைக்கு ஒப்பிட்டார். அலை எழும், உச்சியை அடையும், தானே தணியும். அதனை எதிர்த்து மோதாமல், உடலில் எவ்விடத்தில் அது தோன்றுகிறது, வாயிலா, தொண்டையிலா, விரல் நுனியிலா என்று நோக்கியிருப்பதே அவர் கற்பித்த பயிற்சி.

ஆனால் தோழர் எதிரில் நின்று கையை நீட்டும்போது அலையை நோக்கிக்கொண்டிருக்க முடியுமா? அவ்விடத்திற்கு முன்னேற்பாடே ஏற்றது. பீட்டர் கோல்விட்சர் என்னும் அறிஞர் 1999-இல் எழுதியவாறு, ‘விட்டுவிடுவேன்’ என்னும் பொது உறுதியினும், ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்னும் குறித்த உறுதி பயன் மிகுந்தது. ‘அவர் கைனியை நீட்டினால், சட்டைப்பையிலுள்ள ஏலக்காயை எடுத்து அவருக்கும் ஒன்று கொடுத்து, நானும் ஒன்று வாயிலிடுவேன்’ என்று வீட்டிலேயே இருமுறை சொல்லிப் பாருங்கள். நட்பும் கெடாது.

சினத்திற்கும் சோர்வுக்கும் வேறொரு வழி உண்டு. வந்த உணர்ச்சிக்குப் பெயரிடுவது அது. ‘எல்லாம் பாழ்’ என்பதை விடுத்து, ‘இது ஏமாற்றம்’, ‘இது பொறாமை’ என்று சொன்னால் அதன் வேகம் தணிகிறது. தன்னையே பிறர்போல் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும் பதற்றத்தைக் குறைக்கும் என்று ஈதன் க்ராஸ் முதலியோர் 2014-இல் காட்டினர். திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்திற்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று பெயர் என்பதை அவர்கள் அறிந்தால் மகிழ்வர்.

இவை யாவும் சிறு கருவிகள். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே சுமையெனத் தோன்றுவோரிடம் கோலம் போடச் சொல்வது கொடுமையாகும். அவர்கள் மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் பணியில் 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் பேசலாம். புகையிலையை விட விழைவோருக்கு உதவ 1800-11-2356 என்ற எண் உண்டு. இரண்டிற்கும் கட்டணமில்லை. இவ்விரு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கப் படிப்பகத்தின் வாயிலில் தொங்கவிடுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து வருவோர் கண்ணில் படும்படி, விளக்கின் கீழே.