தேன் ஏன் தண்ணியா ஓடுது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தேன் விற்கிற நம்ம குழு ஒன்றுக்கு, கொடைக்கானல் கடையிலிருந்து 24 பாட்டில் திரும்பி வந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். "தண்ணியா ஓடுது, கலப்படம்" என்று சொல்லிவிட்டார்கள். உள்கடன் வாங்கிப் போட்ட பணம். "சாமி சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலைம்மா" என்று அந்த அக்கா அழுதார். அவர் சொன்னது நிஜம். ஆனாலும் அந்தத் தேனில் தண்ணீர் அதிகம் இருந்தது. எப்படி?

ஒரு தட்டை எடுங்கள். ஓரத்தில் தண்ணீர், கடலெண்ணெய், தேன் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துத் தட்டைச் சாயுங்கள். தண்ணீர் முதலில் ஓடிவிடும், எண்ணெய் பின்னாலே போகும், தேன் மாமியார் வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி நின்று நின்று போகும். ஓடுகிற எதுவுமே அடுக்கடுக்காகத்தான் நகர்கிறது. ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுவையைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பாகுநிலை' என்கிறார்கள். வெல்லப்பாகு காய்ச்சுகிற நமக்கு இந்தப் பேரே பாதிப் பாடம். பாகில் தண்ணி வற்ற வற்ற, கரண்டியிலிருந்து விழுவது கம்பியாகிறது அல்லவா? சர்க்கரை கூடினால் இழுவை கூடும், தண்ணீர் கூடினால் குறையும்.

தேனீ பூவிலிருந்து கொண்டு வருவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். சிறகால் விசிறி, வற்ற வைத்து, பக்குவமான பிறகுதான் அறைகளை மெழுகால் மூடும். மூடாத அடையை மழைக்காலத்தில் அவசரப்பட்டுப் பிழிந்தால் தேன் நீர்த்துத்தான் இருக்கும். நம்ம குழுவில் நடந்தது அதுதான். போதாததற்கு, தேன் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். நம்ம ஊர் மூடுபனியில் பாத்திரத்தைத் திறந்து வைத்தால் கேட்கவா வேண்டும்!

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புளித்து, நுரைத்து, மூடி தெறிக்கும்.

இன்னொன்று, சூடு. கொடைக்கானல் குளிரில் கெட்டியாக நிற்கிற அதே தேன், பழனி அடிவாரத்துக்குப் போனால் சரசரவென ஓடும். தேன் மாறவில்லை, சூடுதான் மாறியது. ஆகவே தேனை வெறும் ஓட்டத்தை வைத்து எடை போடாதீர்கள். டம்ளர் தண்ணீரில் ஊற்றி, கரையாமல் அடியில் போனால் சுத்தம் என்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியேதான் போகும்! உறைந்து மணல் மாதிரி ஆனாலும் கலப்படம் என்று அர்த்தமில்லை. கை பொறுக்கிற வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். கெட்டியாக்க வேண்டுமென்று தேனை அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். வாசமும் போகும், குணமும் போகும்.

ஈரம் பார்க்க 'ரிப்ராக்டோமீட்டர்' என்று கையடக்கக் கருவி இருக்கிறது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். தேன் எடுக்கிற குழுக்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாமா என்று ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்குள் பேசிவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்ததில் புளிப்பு வாசம் வந்த பாட்டில்களை விற்க வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தம்தான். அடுத்த முறை முக்கால் அடைக்கு மேல் மெழுகு மூடியதை மட்டும் எடுப்பதாக அவரே சொன்னார்.