சூட்டுச் சிகிச்சை: நகையை விற்கும் முன் கேட்க வேண்டியவை

(அறக்கட்டளையின் மருத்துவ உதவி ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சினைப்பைப் புற்றுநோய்க்காக உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகிறது. ஆபரேஷன் முடிந்திருக்கும், கீமோவும் முடிந்திருக்கும், சில மாதங்களில் நோய் திரும்பியிருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது, "கரண்டும் சூடும் சேர்த்து வைத்தால் குணமாகிவிடும்" என்று சொல்வார்கள். உடனே நகையும் வீட்டுப் பத்திரமும் வெளியே வந்துவிடும். ஆகவே, இந்தச் சிகிச்சை எது, எந்த அளவுக்கு உதவும் என்பதை இன்று தெளிவாகப் பேசிவிடுவோம்.

பிளாட்டினம் வகைக் கீமோ மருந்து முடிந்து ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பினால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை; வயிற்றின் உட்சவ்வில் சிறு சிறு மணிகளாகப் பரவுகிறது. வயிறு முழுவதற்கும் கதிர்வீச்சைப் பலமாகக் கொடுத்தால் குடலும் ஈரலும் சிறுநீரகமும் தாங்காது. ஆனால், ஒரு கட்டியில் வலியோ இரத்தக் கசிவோ இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் கொடுத்து அதைத் தணிக்க முடியும்.

சூட்டின் வேலை என்ன? கட்டி இருக்கும் பகுதியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். கதிர்வீச்சு புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. செல் அந்த உடைப்பைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது. சூடு அதைத் தடுக்கிறது. இரத்த ஓட்டம் கூடி ஆக்சிஜன் அதிகம் சேர்வதால் கதிர்வீச்சும் நன்றாக வேலை செய்கிறது. ஆக, சூடு தனி மருந்தல்ல, மருந்துக்குத் துணை.

இது வெறும் பேச்சல்ல. நெதர்லாந்தில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 51 சதவீதம். அதே நாட்டில் 2018-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு சினைப்பைப் புற்றுநோய் பற்றியது. மூன்றாம் நிலையில் இருந்த 245 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆபரேஷன் முடிவிலேயே, 40 டிகிரிக்குச் சூடாக்கிய சிஸ்பிளாட்டின் மருந்தை வயிற்றுக்குள் 90 நிமிடங்கள் ஓடவிட்டார்கள். சராசரி ஆயுள் சுமார் 34 மாதங்களிலிருந்து 46 மாதங்களானது.

ஓராண்டு என்பது ஒரு தாய்க்குச் சிறிய காலமல்ல. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள் கீமோவால் நோய் கட்டுக்குள் இருந்த பெண்கள். கீமோவுக்குக் கட்டுப்படாத பெண்களை அதில் சேர்க்கவில்லை. முதல் ஆய்வோ வேறு புற்றுநோய்க்கு. கீமோவுக்குக் கட்டுப்படாத சினைப்பைப் புற்றுநோயைக் கதிர்வீச்சும் சூடும் குணப்படுத்தும் என்பதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வின் சான்று இன்னும் இல்லை. ஒருவருக்குக் கிடைத்த பலனைக் காட்டி இன்னொருவரிடம் பணம் கேட்பது நியாயமாகாது.

எனவே, பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இது நோயைக் குணமாக்கவா, வலியையும் கசிவையும் குறைக்கவா?
2. சூட்டோடு கதிர்வீச்சோ கீமோவோ உண்டா? சூடு மட்டும் என்றால் அது புற்றுநோய்ச் சிகிச்சையே அல்ல.
3. உடலின் உள்ளே எத்தனை டிகிரி என்பதை எப்படி அளக்கிறீர்கள்?
4. மொத்தச் செலவு எவ்வளவு? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா?
5. இதை ஆய்வாகச் செய்கிறீர்களா? ஆய்வென்றால் எங்களிடம் ஏன் கட்டணம்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்னொரு மருத்துவரிடமும் ஃபைலைக் காட்டுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவது கணவரோ மகனோ. சிகிச்சையைத் தாங்குவது அந்தப் பெண். அவரிடம் உண்மையைச் சொல்லி, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வலியின்றி வீட்டில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அது தோல்வியல்ல. வலி தணிப்பதும் மருத்துவம்தான். அதற்கும் நமது அறக்கட்டளை உதவும்.

தாய்மார்களே, வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் — இவை புதிதாக வந்து இரண்டு மூன்று வாரம் நீடித்தால், கேஸ் மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். பெண் மருத்துவரிடம் சென்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

நோய்க்கு மருந்து தேடுவது நம் கடமை. எது மருந்து என்று விசாரிப்பதும் அந்தக் கடமையில் அடங்கும். நகையை விற்பதற்கு முன் ஃபைலோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.