மாயாமாளவகௌளையில் தொடங்கியவர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவர் என்பதால் நீரிழிவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை. இங்கே சங்கீதம் படித்த எல்லாருக்கும் பொதுவான ஓர் இராகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மேடைக் கச்சேரி வரை போனவர்களும், ஆறாம் வகுப்போடு சித்திரப் பாடத்துக்கு மாறியவர்களும் முதலில் வாய் திறந்தது மாயாமாளவகௌளையில்தான்.

எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் இது பதினைந்தாவது. பழைய பெயர் மாளவகௌளை. கடபயாதி முறைப்படி இலக்கம் வருவதற்காக முன்னால் ‘மாயா’ சேர்ந்தது. மா ஐந்து, யா ஒன்று. திருப்பிப் போட்டால் 15. இதைப் பரீட்சைக்கு மனனம் செய்த முகங்கள் பல இந்த மண்டபத்தில் தெரிகின்றன.

ஆரம்பப் பாடங்களை இந்த இராகத்தில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. ஏன் இது? சங்கராபரணத்திலோ மோகனத்திலோ தொடங்கினால் பிள்ளைகளுக்கு இலகு என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் அதை ஏற்பதில்லை. ஆர்மோனியக் கட்டைகளில் பாருங்கள். ஸவுக்கு அடுத்த கட்டையே சுத்த ரிஷபம். பிறகு இரண்டு கட்டைகளைத் தாண்டி அந்தர காந்தாரம். அதை ஒட்டியபடி சுத்த மத்யமம். ப, த, நி, மேல் ஸ என்பவற்றிலும் அதே இடைவெளிகள், அதே ஒழுங்கு. கீழ்ப்பாதியைச் சரியாகப் பாடிய குரலுக்கு மேற்பாதி பாதி தெரிந்த பாடம். மிக நெருங்கிய சுரங்களும் மிக விலகிய சுரங்களும் முதல் நாளிலேயே காதுக்குப் பழகிவிடுகின்றன. ரிஷபம் சற்று ஏறினால் ரீச்சரின் புருவமும் ஏறும்!

பின்னாளில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, இதயத்தின் இரண்டாம் ஒலி பிளவுபட்டுக் கேட்கிறதா என்று மூச்சடக்கி நின்றபோது, எங்களில் சிலருக்கு அந்த ரிஷபந்தான் நினைவுக்கு வந்தது. இது விஞ்ஞானம் அல்ல, எங்கள் அனுபவம்.

ஆரம்பப் பாடத்துக்குரிய இராகந்தானே என்று இதைக் குறைத்து எண்ண வேண்டாம். முத்துஸ்வாமி தீட்சிதர் திருத்தணியில் பாடிய முதற் கீர்த்தனையே இந்த இராகத்தில்தான் என்பர். சாவேரி, பௌளி, நாதநாமக்கிரியை, நாங்கள் முதற் கீதங்கள் பாடிய மலஹரி எல்லாம் இதன் பிள்ளைகள். தேவாரத்தின் இந்தளப் பண்ணை ஓதுவார்கள் இன்று இதில் பாடுகிறார்கள். மத்யமத்தை ஆதார ஸட்ஜமாக மாற்றினால் சிம்மேந்திரமத்யமம் பிறக்கும். ரிஷபத்தை மாற்றினால் எழுபத்திரண்டாவதான ரசிகப்ரியா.

எங்கள் வகுப்பு இதைப் படித்த காலத்தை இளைய தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். ‘தேவர் மகன்’ படத்தின் ‘மாசறு பொன்னே’ பாட்டை அப்படித்தான் கேட்டோம். “இது எங்கட சரளி வரிசை இராகமெல்லோ” என்று ஒருத்தி கத்த, மிதித்தவள் காலை நிறுத்த, பாட்டு இழுபட்டு நின்றது.

சங்கீத அறையில் துருத்திச் சுருதிப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. சத்தம் அடங்கினால் விட்ட இடத்திலிருந்து இரண்டாங் காலம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே வெளியேறியபோது அந்தப் பெட்டியை யாரும் தூக்கவில்லை. தூக்கும் நிலையில் யாரும் இருக்கவுமில்லை. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் ரீச்சர் எங்களைக் கூட்டி, தன் குரலால் சுருதி பிடித்துக் கொடுத்தார். ஜண்டை வரிசை பாடினோம். பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மாமார் சிலரும் மெல்லச் சேர்ந்து பாடினார்கள். அவர்களும் இதே பாடசாலையின் பிள்ளைகள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் எங்கள் மகள்மார் திரைக்கு முன்னால் இருந்து இதையே படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் இணையத்தில் குரல் பிந்தி வருவதால் சேர்ந்து பாட முடியாது. ஒருத்தி பாட மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட்டு இருக்கிறார்கள். முப்பது பேர் ஒரே மூச்சில் மேல் ஸவைத் தொடும் சத்தம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்களை ஒரு நாளாவது நம் சங்கீத அறைக்குக் கூட்டி வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ரீச்சர் சொல்லச் சொல்ல எழுதிய சங்கீதக் கொப்பிகள் பாடசாலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் தாமே அமைத்த அலங்காரப் பயிற்சிகளும் அவற்றோடு போயின. இடம்பெயர்ந்தபோது உடுப்புக்குள் சுருட்டிக் கொப்பியைக் கொண்டுபோனவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மூலத்தை நீங்களே வைத்திருங்கள், பிரதி ஒன்றை நூலகத்துக்கு அனுப்புங்கள். கறையான் அரித்த பக்கமானாலும் பரவாயில்லை.